டாரல் கூஸ்மாவுக்கு எங்கள் ஊர் தந்த ஆதரவு

போர்முனையில் நிற்கும் வீரர்களை ஆதரிப்பது ஒவ்வொரு குடிமகனின் தலையாய கடமை. ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஹார்லோ ஊர் இந்தக் கடமையில் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. போருக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதற்கு அடையாளமான மஞ்சள் ரிப்பன் ஸ்டிக்கர் ஒட்டாத காரே எங்கள் ஊரில் கிடையாது. பழைய கார் வியாபாரியும் ஊர்மன்றத் தலைவருமான வெண்டல் பிராதர் பின்கண்ணாடி முழுவதும் ஒட்டியிருந்தார். பின்னால் ஒன்றும் தெரியாமல் காரை எடுத்து, இரண்டு தபால் பெட்டிகளையும் ஒரு ஆட்டையும் இடித்தார். போர் என்று வந்துவிட்டால் எல்லோரும் எதையாவது இழக்கத்தான் வேண்டும்.

நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஊரில் மஞ்சள் ரிப்பன் என் கடையில் மட்டும்தான் கிடைக்கும். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை.

எங்களுக்கு இருந்த ஒரே குறை, ஆதரிக்க ஆள் போதவில்லை. ஹார்லோவிலிருந்து இராக் போருக்குப் போனவன் டாரல் கூஸ்மா ஒருவன்தான். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கும் லொரெட்டாவின் ஒரே மகன். ஊர் மொத்தத்தின் ஆதரவும் அந்த ஒரு பையன் தலையில் இறங்கியது. பக்கத்து ஊரான பெல்ஃபோர்டிலிருந்தோ பலர் போயிருந்தார்கள்; அதில் ஒருவன் இறந்தும்போயிருந்தான். அவன் பெயரைத் தங்கள் பாலத்துக்கு வைத்துவிட்டார்கள். நெடுஞ்சாலைக்குப் போக நாங்கள் அந்தப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். கடக்கும்போதெல்லாம் எங்களுக்கு வயிறு எரியும்.

சிப்பாய் ஆதரவுக் குழு அவசரமாகக் கூடியது. தலைவர் வெண்டல், செயலாளர் ஓப்பல் டிங்லி, பொருளாளர் நான்.

"பெல்ஃபோர்டுக்குப் பாலம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு?" என்றார் வெண்டல்.

"நமக்கு டாரல் இருக்கானே" என்றேன்.

"அவன்தான் உயிரோட இருக்கானே! உயிரோட இருக்கிறவன் பேரைப் பாலத்துக்கு வைக்க முடியாதுய்யா. சட்டம் இடம் குடுக்காது."

"அவசரப்படாதீங்க, போர் இன்னும் முடியலியே" என்றாள் ஓப்பல். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

கடைசியில் ஒரு கம்பம் நடுவது என்று முடிவாயிற்று. உயரமான உலோகக் கம்பம். அதன் உச்சியில் ஆளைவிடப் பெரிய தகரப் பலகை. பலகையில் வரைந்த படத்தில் சீருடை போட்ட டாரல், கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்க, அவன் முதுகுக்குப் பின்னால் நாட்டுக் கொடி பறக்க வேண்டும். கம்பமும் சிமென்ட்டும் என் கடைச் சரக்கு. எங்கே நடுவது என்பதுதான் சிக்கலாக இருந்தது. கடைத்தெருவில் நட்டால் வண்டி நிறுத்த இடம் போய்விடும். சர்ச்சுக்கு முன்னால் நட்டால் சர்ச்சின் பெயர்ப்பலகை மறையும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகத் தேடி, லொரெட்டாவின் வீட்டு வாசற்படிக்கு நேர் எதிரே நட்டோம்.

லொரெட்டா கதவைத் திறந்து பார்த்தாள். "வெண்டல், படிக்கு நேராவா நடுவீங்க? நான் எப்படி வெளிய வர்றது?"

"ஒருக்களிச்சு வாம்மா. உன் புள்ள அந்தப் பாலைவனத்துல என்ன பாடுபடுறான், நீ இதுக்குப் போய்..."

அவள் ஒருக்களித்து வந்தாள். காய்கறிப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே வீரச் சின்னப் பாதுகாப்புத் தீர்மானமும் நிறைவேறியது. மேற்படி கம்பத்தை எவரும் அகற்றவோ, அசைக்கவோ, அதன்மீது சாயவோ கூடாது. மேற்படி வீரர் பணியிலிருந்து முறைப்படி விடுவிக்கப்படும் வரையிலோ வீரமரணம் எய்தும் வரையிலோ அது அங்கேயே நிற்கும். ஒருமனதாக நிறைவேறிற்று. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். நான் அழுதேன்.

அடுத்த வசந்தத்தில் ஒரு காலை, டாரல் போன வண்டி சாலைக் குண்டில் சிக்கியது என்று தகவல் வந்தது. பிழைத்திருக்க மாட்டான் என்று ஊரே முடிவுகட்டியது. மதியத்துக்குள் வெண்டல் கறுப்பு டை கட்டிவிட்டார். இரங்கல் உரை தயாராகிவிட்டது. ஊர்க் கோடி ஓடைமேல் ஒரு பாலம் உண்டு, மாடுகள் போகிற பாலம். அதற்குப் பெயர்ப்பலகை எழுத நான் பெயின்ட் எடுத்துக் கொடுத்தேன். 'டாரல்' வரை எழுதியாகிவிட்டது. சாயங்காலம் இரண்டாவது தகவல் வந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டன.

குழு மறுபடியும் கூடியது.

"நல்ல செய்திதான்" என்றார் வெண்டல், டையைத் தளர்த்திக்கொண்டே.

"பாலம் இல்லேன்னு ஆயிடுச்சு. காயத்துக்கு என்ன வைக்கலாம்?" என்று ஓப்பல் கேட்டாள்.

"பார்க்குல ஒரு பெஞ்சு?" என்றார் வெண்டல்.

"அது பெல்ஃபோர்டுல நாய்க்கே வச்சிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. ஏரிக்கரையைச் சுற்றிப் புதிதாகப் போட்ட பாதைக்குப் பெயரே இல்லை. டாரல் கூஸ்மா நடைப்பயிற்சிப் பாதை என்று வைத்தோம். ஒருமனதாக நிறைவேறிற்று.

பல மாதம் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு டாரல் ஊர் திரும்பினான். அப்படி ஒரு வரவேற்பை ஹார்லோ கண்டதில்லை. பள்ளிக்கூட பேண்டு முன்னால், தீயணைப்பு வண்டி பின்னால், நடுவில் சக்கர நாற்காலியில் டாரல். வீட்டு வாசலில் ஊர்வலம் நின்றது. அவன் அண்ணாந்து பலகையில் இருந்த தன்னைப் பார்த்தான்.

"நல்லா நிக்கிறான்" என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் வந்திருந்ததால், தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி, கம்பத்தைச் சுற்றி, படியேற்றி, உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு புகைப்படக்காரர் போனார். அவர்களும் போனார்கள்.

மறுநாள் அவனைத் தூக்கி வெளியே கொண்டுவர ஆளில்லை. டாரல் கைகளை ஊன்றிப் படிப்படியாக இறங்கினான். திரும்ப ஏற முடியவில்லை. லொரெட்டாவால் தூக்க முடியவில்லை. முயன்று பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த கார் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டான். அவன் கட்டில், அவன் அம்மாவின் அடுப்படி, வெந்நீர் வரும் குளியலறை எல்லாம் அந்தப் படிகளுக்கு மேலே இருந்தன. குளிர்காலம் வேறு வந்துகொண்டிருந்தது.

லொரெட்டா என் கடைக்கு வந்து, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போடப் பலகை வாங்கினாள். நானே போய் அளந்து கொடுத்தேன். சாய்தளம் நேராக இறங்க வேண்டிய இடத்தில் கம்பம் நின்றது.

கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லி அவள் ஊர்மன்றத்துக்கு வந்தாள். மன்றம் கூடுவது மாடியில். டாரல் கீழே நடைபாதையில் காத்திருந்தான். அவன் தலைக்கு மேலே, நாங்கள் கட்டிவைத்த பெரிய மஞ்சள் ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது.

"முதல்ல, நம்ம வீரன் டாரலுக்காக ஒரு நிமிஷ மௌனம்" என்றார் வெண்டல்.

எல்லோரும் எழுந்து தலைகுனிந்தோம்.

"அம்மா! என்னாச்சு, என்ன சொன்னாங்க?" கீழேயிருந்து டாரலின் குரல் வந்தது.

ஓப்பல் ஜன்னலுக்கு ஓடினாள். "உஷ்! மௌன அஞ்சலி நடக்குது!"

"யாருக்கு?"

"உனக்குத்தான்!"

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மௌனம் நன்றாக நடந்தது.

லொரெட்டா தன் கோரிக்கையைச் சொன்னாள். வெண்டல் கண்ணை மூடிக் கேட்டார். "லொரெட்டா, அந்தக் கம்பம் டாரலுக்கு நாம செய்யற மரியாதை. அதை நகர்த்தினா டாரலை அவமதிச்ச மாதிரி ஆயிடும்."

"டாரலே கேக்கிறான், வெண்டல்."

"அவன் பெருந்தன்மையா கேப்பான். அவமதிக்க நமக்கு மனசு வரணுமே. இது டாரல்ங்கிற தனி ஆளோட விஷயம் இல்லம்மா, இது சிப்பாய்களோட கௌரவம்."

"அவன் ஷெட்டுல எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவுல படுத்திருக்கான்."

"பாலைவனத்துல படுத்தவனுக்கு ஷெட்டெல்லாம் ஒரு கஷ்டமா?"

ஓப்பல் தீர்மானத்தைப் புரட்டினாள். "விதியில வழி இருக்கு. பணியிலிருந்து விடுவிச்சு உத்தரவு வந்துடுச்சா?"

"இன்னும் வரல. கால் போனது உறுதியான்னு ராணுவத்துல விசாரிச்சுக்கிட்டிருக்காங்க" என்றாள் லொரெட்டா.

"அப்ப இன்னொரு வழிதான். வீர..." ஓப்பல் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.

"அதுக்கும் அவன் மாடியேறி வந்து மனு குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு லொரெட்டா படியிறங்கிப் போனாள். துக்கத்தில் இருப்பவர்கள் சில நேரம் இப்படித்தான் கடுமையாகப் பேசுவார்கள். நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் டாரல் என் கடைக்கு வந்தான். வாசலில் படி இருப்பதால் வெளியில் இருந்தே குரல் கொடுத்தான். இரும்பறுக்கும் ரம்பம் வேண்டும் என்றான். போரிலிருந்து வந்தவர்களுக்கு என் கடையில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. பலகை எழுதிப் போட்டிருக்கிறேன். ஊரில் அதைப் பயன்படுத்திய முதல் ஆள் அவன்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை அவன் வாசலுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி கம்பத்தை அறுக்க ஆரம்பித்தான். ஊரே கூடிவிட்டது. ஒரு வீரனைக் கைவைத்துத் தடுக்க யாருக்கும் துணிவில்லை. வெண்டல் மட்டும் ஓடிவந்து கத்தினார்.

"டாரல்! நிறுத்து! நீ நம்ம சிப்பாயை அவமதிக்கிற!"

"அந்தச் சிப்பாயே நான்தான் சார்."

"அதனாலதான் இன்னும் வேதனையா இருக்கு!"

டாரல் அறுத்துக்கொண்டே இருந்தான். லொரெட்டா கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பம் முனகியது, மெதுவாகச் சாயத் தொடங்கியது. அப்போது ஓப்பல் அலறினாள்: "ஐயோ, கொடி! கொடி மண்ணுல படப்போகுது!"

நாட்டுக் கொடி தரையைத் தொடக் கூடாது. இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். பலகையில் டாரலின் முதுகுக்குப் பின்னால் இருந்தது கொடி அல்லவா? பாய்ந்தோம். மளிகைக்காரர் பாய்ந்தார், பாதிரியார் பாய்ந்தார், அந்த நான்கு தீயணைப்பு வீரர்களும் பாய்ந்தார்கள், முட்டி வலிக்காரனான நானும் பாய்ந்தேன். பலகை தரையைத் தொட ஒரு சாண் இருக்கையில் தாங்கிவிட்டோம். கம்பத்திலிருந்து கழற்றினோம். தோளுக்கு மேல் உயர்த்தினோம். கண்ணெல்லாம் கலங்க, அடி மேல் அடி வைத்து, படியேறி, லொரெட்டா பிடித்திருந்த கதவு வழியாக உள்ளே கொண்டுபோய், கூடத்துச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்தோம். அவ்வளவு பெரிய பலகையில் ஒரு கீறல் விழவில்லை. பாதிரியார் ஜெபம் சொன்னார். ஹார்லோ இவ்வளவு ஒற்றுமையாக நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் படியிறங்கினோம். டாரல் கீழே அதே இடத்தில், மடியில் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவரும் அவன் முன்னால் நின்று, கையைக் குலுக்கி, "உன் சேவைக்கு நன்றிப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். வெண்டல்கூடப் பெரிய மனது பண்ணிச் சொன்னார். கடைசியில் நான்.

"மெர்ல் சார், நீங்க எந்தப் பக்கம் பிடிச்சீங்க?" என்று கேட்டான்.

"கால் பக்கம்."

"கனமா இருந்துச்சா?"

"ரொம்பக் கனம்பா. முட்டி விட்டுப்போச்சு."

அவன் படிகளைப் பார்த்தான். மேலே அவன் அம்மா இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பக்கம் எனக்கு இப்ப ஒண்ணுமே இல்ல சார். பலகையைவிட நான் லேசு."

என்ன ஒரு பையன்! இந்த நிலையிலும் வேடிக்கையாகப் பேசுகிறான். அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உன் சேவைக்கு நன்றி, டாரல்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து நடந்தேன். வீட்டில் மாட்டிறைச்சி வறுத்து வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட நாளில் சாப்பாடு எப்படி இறங்கும் என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே இறங்கியது.