தொண்ணூறுன்னு சொன்னது ஒரு பேச்சுக்கு

போன வியாழக்கிழமை எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு நம்பரை மாத்தணும். தொண்ணூறை எழுபதாக்கணும். போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல முடியும்னு நினைச்சேன்.

அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடுறேன். தப்பு என்னுதுதான். யாரும் கமெண்ட்ல வந்து சொல்ல வேணாம்.

நான் காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்து ஓட்டலுங்களுக்குப் போடுறவ. படிச்சது எட்டாவது. மிச்சத்தையெல்லாம் ஏலக்காரங்களும் ஓட்டல்காரங்களும் சொல்லிக் குடுத்தாங்க. ஃபீஸும் நல்லா வாங்கிக்கினாங்க.

வேலைக்குப் போய்க்கினே படிக்கிற பெரியவங்களுக்கு ஆன்லைன்ல டிகிரி நடத்துற காலேஜ் ஒண்ணு. அங்கேருந்து போன வருஷம் என்னைத் தேடி வந்தாங்க. வியாபாரப் படிப்புல "பேரம் பேசுதல்"னு ஒரு பேப்பர் புதுசா போடுறாங்களாம். புஸ்தகத்துல இருக்கிறதை யார் வேணா சொல்லிடுவாங்க, பேரம் பேசியே பொழைக்கிறவங்க வந்து சொல்லணும்னாங்க. எனக்குத் தலைகால் புரியல. எட்டாவது படிச்சவ டிகிரிக்குப் பாடம் எடுக்குறேன்னு தெருவுல ஒருத்தர் விடாம சொன்னேன்.

ஆறு வீடியோ, பத்து கேள்வி. சில வீடியோ காலேஜ் ரூம்ல, சிலது என் கொட்டகையிலயே எடுத்தது. நான் பேசுவேன், அதைப் பாடமா அடுக்கிக் கம்ப்யூட்டர்ல ஏத்துறது நித்யா. அந்தக் காலேஜ்ல அதுக்குன்னே இருக்கிற பொண்ணு. கோவமே வராது. "நன்றி மேடம்"ங்கிறதை மூச்சு விடுற மாதிரி விடும்.

வீடியோ மூணு, மொத விலைக்கு ஒத்துக்காதே. வீடியோ நாலு, படியலன்னா எழுந்து நட, மொதல்ல திரும்பிக் கூப்புடுறவங்க தோத்தவங்க. இப்படி என் சொத்தையெல்லாம் அள்ளிக் குடுத்தேன்.

எல்லாம் முடிஞ்ச அன்னிக்கு நித்யா போன்ல கேட்டுச்சு. "மேடம், இந்தத் தேர்வுக்கு பாஸ் மார்க் எவ்வளவு வெக்கலாம்?"

என் மனசுல இருந்தது அறுபது.

"தொண்ணூறு"ன்னேன்.

எங்க பக்கம் மொத நம்பருங்கிறது வணக்கம் சொல்ற மாதிரி. எதிர்ல இருக்கிறவங்க "இன்னாக்கா, நெஞ்சுல அடிக்கிற, நாப்பது வெச்சுக்கோ"ன்னு சொல்லணும். நான் தலையில கை வெக்கணும். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் திட்டிக்கினு அறுபதுல வந்து உக்காரணும்.

நித்யா சொன்னது, "சரி மேடம். நன்றி."

நான் போனைக் காதுலயே வெச்சுக்கினு நின்னேன், அடுத்த பேச்சு வரும்னு. வரல. சரி, யோசிச்சுட்டுக் கூப்புடும்னு விட்டேன். சில பேர் அப்படித்தான், நாலு நாள் கழிச்சு வந்து மறுபடி வெலை கேப்பாங்க. நான் பொறுமையா இருந்தேன். அது தொண்ணூறை ஏத்திட்டு அடுத்த பாடத்தைப் பாக்கப் போயிடுச்சு.

மூணு மாசம் ஓடிப்போச்சு. வியாழக்கிழமை பன்னெண்டு மணி. ஹார்பர் பக்கத்துல என் கொட்டகையில பெட்டி கழுவிக்கினு இருக்கேன். புனிதா வந்து நின்னா. எர்ணாவூர் பொண்ணு, கண்டெய்னர் யார்டு கேட்டுல வண்டி நம்பர் எழுதுற வேலை. ரெண்டு புள்ளைங்களை வெச்சுக்கினு மூணு வருஷமா இந்த டிகிரியைப் படிக்கிறா. யார்டு யூனிஃபார்மோட வந்திருந்தா.

"டெய்சிக்கா, உன் பேப்பர்ல ஃபெயிலு."

"யாரு?"

"எல்லாருந்தான். நாப்பது பேரு எழுதினோம், ஒருத்தரும் பாஸில்ல."

"நீ எவ்ளோ வாங்கின?"

"எழுபது. மூணு தபாதான் எழுத வுடுவாங்க. மூணுலயும் எழுபதுதான்."

"எழுபதுக்கு ஃபெயிலா? எந்த கஸ்மாலம் அப்படி பாஸ் மார்க் வெச்சுது?"

புனிதா போனைத் திருப்பிக் காட்டினா. மேல என் போட்டோ. அதுக்குக் கீழ, "தேர்ச்சி மதிப்பெண்: 90. நிர்ணயித்தவர்: பாட ஆசிரியர்."

"போட்டோ நல்லா கீதுக்கா"ன்னா.

நான் பெட்டியைக் கீழ வெச்சேன்.

"மத்த பேப்பர் எல்லாம் முடிச்சுட்டேன்க்கா. இது ஒண்ணுதான். யார்டுல சூப்பர்வைசர் வேலை ஒண்ணு காலி கீது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பாஸுன்னு காட்டினா லிஸ்ட்ல என் பேரு ஏறும். இல்லன்னா திரும்ப அதே கேட்டுல நின்னுக்கினு லாரிப் புகையத் துன்னணும்."

நித்யாவுக்குப் போன் போட்டேன். வேண்டியது எழுபது. அதனால அம்பதுல ஆரம்பிச்சேன். பழக்கம்.

"பாஸ் மார்க்கை அம்பது ஆக்கிடும்மா."

"கொறைக்கணும்னா காரணம் வேணும் மேடம். கேள்வி கஷ்டமா இருக்குன்னா, பாடம் எடுத்தவங்களே ஒரு தடவை எழுதி அந்த மார்க்கைக் காட்டலாம். விதியில இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என் பாடம், என் கேள்வி. நூறு வாங்கினா காரியம் கெட்டுடும், வேணும்னே மூணு கேள்வியைத் தப்பா போடணும்னு முடிவு பண்ணிக்கினு உக்காந்தேன்.

அதுக்கு அவசியமே வரல. ஒழுங்கா எழுதியே அறுபது.

ஆறாவது கேள்வி. "எதிர்த்தரப்பினர் கோபமூட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" நான் "குரலை உயர்த்துவேன்"னு அமுக்கினேன். செவப்பா வந்துச்சு. கீழ விளக்கம், "அமைதியாக இருப்பதே பலம்." அதைச் சொன்னதும் நானேதான். அன்னிக்கு ரெக்கார்டிங் ரூம்ல ஏசி போட்டிருந்தாங்க, என்னமோ வாயில வந்துடுச்சு.

பின்னாடியிலருந்து புனிதா, "அத நான் கரெக்டா போட்டேன்க்கா"ன்னா.

மறுபடி போன். "எம்மா, எனக்கே அறுபதுதான் வந்துது. அம்பது வெய்யி."

"பாத்தேன் மேடம். அதனாலதான் தொண்ணூறுலருந்து எண்பத்தஞ்சுக்கு வரேன்."

இந்தப் பொண்ணு பேரம் பேசுது. மூணு மாசத்துக்கு முன்னாடி பேச வேண்டிய பேரத்தை இப்போ பேசுது.

"ஏம்மா, அன்னிக்கு வாயைத் தொறக்கல, இன்னிக்கு மட்டும் பேசுற?"

"அன்னிக்கு உங்க வீடியோவை ஏத்த மட்டும் செஞ்சேன் மேடம். அப்புறமாதான் உக்காந்து பாத்தேன். நல்லா எடுத்திருக்கீங்க."

"அம்பத்தஞ்சு"ன்னேன்.

"எண்பத்தஞ்சே நல்லா இருக்கும் மேடம்."

புனிதா என் முந்தானையை இழுத்தா. "அக்கா, பத்து கேள்விக்கு எண்பத்தஞ்சுன்னா ஒம்போது சரியா இருக்கணும். அதுவும் தொண்ணூறுதான்க்கா. ஒண்ணுமே கொறைக்கல அது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. முப்பது வருஷமா ஏலம் எடுத்தவகிட்ட கூடையோட அடியில ஐஸ் போட்டு மேல மீன் பரப்புது. கத்தினேன். பக்கத்துக் கொட்டகையில வெயிட் போட்டுக்கினு இருந்தவர் தராசை வுட்டுட்டு எட்டிப் பாத்தாரு.

நித்யா அமைதியா, "மேடம், கேள்வி ஆறு"ன்னுச்சு.

போனை வெச்சுட்டேன். கோவத்துல இல்ல, அது கணக்கு. வீடியோ நாலு. எழுந்து நட, கூப்புடுவாங்க.

மணி ரெண்டரை. போன் அடிச்சுது. பாஞ்சு எடுத்தேன். ஓட்டல்காரர், நாளைக்கு வஞ்சிரம் கிடைக்குமான்னு. மூணு மணிக்கு மறுபடி அடிச்சுது. லோன் வேணுமான்னு கேட்டாங்க. மூணே முக்காலுக்கு என் தங்கச்சி. அவளுக்கு விழுந்த திட்டுக்கு இன்னும் பேசாம இருக்கா.

நாலு மணி வரைக்கும் புனிதா நான் கழுவின பெட்டியையே எடுத்து மறுபடி கழுவிக்கினு இருந்தா. அப்புறம் மெதுவா கேட்டா.

"மொதல்ல கூப்புடுறவங்க தோத்தவங்கன்னு வீடியோவுல சொன்னல்லக்கா?"

"ஆமா. அதான் ஒக்காந்துகினு கீறேன்."

"நீ செயிச்சா எனக்கு இன்னாக்கா கெடைக்கும்? எனக்காகக் கொஞ்சம் தோத்துடேன்க்கா."

அவ கையிலருந்த பெட்டியை வாங்கி அடுக்கினேன். பேரத்துல என்னை ஒருத்தி மடக்கினது அதுதான் மொத தடவை.

நாலு இருபதுக்கு நானே கூப்பிட்டேன்.

"லைன் கட்டாயிடுச்சும்மா."

"கட் ஆகல மேடம். கட் பண்ணீங்க. வீடியோ நாலு."

"த பாரு, நெசத்தைச் சொல்லிடுறேன். எனக்கு எழுபது வேணும். எதிர்ல ஒரு பொண்ணு ஒக்காந்திருக்கு, எழுபது வாங்கின பொண்ணு. அஞ்சு மணிக்குள்ள பாஸுன்னு காட்டலன்னா அதுக்கு வரவேண்டிய வேலை போயிடும்."



"இதைப் பன்னெண்டு மணிக்கே சொல்லியிருக்கலாமே மேடம். எழுபது போட்டுடறேன். ஆனா நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும். வீடியோ ரெண்டுல கப்பல் ஹாரன் கேக்குது. அஞ்சுல நீங்க ஐஸ் வண்டிக்காரரைத் திட்டினது அப்படியே இருக்கு, மாணவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பாக்கறாங்க. ஆறு வீடியோவையும் புதுசா எடுத்துக் குடுங்க. அவங்க கேட்டு வெச்ச சந்தேகத்துக்கெல்லாம் வாராவாரம் பதிலும் போடணும்."

"ரெண்டு வீடியோ எடுத்துத் தரேன்."

"ஆறு மேடம்."

"மூணு. வெச்சுக்கோ."

"மணி நாலு முப்பது மேடம்."

"ஆறு"ன்னேன்.

நாலு நாப்பதுக்குப் புனிதா போன்ல பச்சையா "தேர்ச்சி"ன்னு வந்துச்சு. அதைப் படம் புடிச்சு யார்டு ஆபீசுக்கு அனுப்பிச்சா. "வந்துச்சு"ன்னு பதில் வர்ற வரைக்கும் மூச்சு விடல. அப்புறம் முகத்தைத் தொடச்சுக்கினு, "ஐஸ் தண்ணி தெறிச்சுடுச்சுக்கா"ன்னா. பெட்டியெல்லாம் எப்பவோ காஞ்சு போயிருந்துச்சு.

அவ போனப்புறம் என் போனுக்கு மெயில்ல ஒரு படிவம் வந்துச்சு, கையெழுத்து போட்டுத் திருப்பி அனுப்பணும்னு. புதிய தேர்ச்சி மதிப்பெண்: 70. தயாரித்த நேரம்: காலை 10.15.

நான் மொத போன் பண்ணதே பன்னெண்டுக்கு மேல.

படிவத்துல காரணம்னு, "இன்று காலை 39 மாணவர்கள் தந்த புகார்"னு போட்டிருந்துச்சு. நித்யா எழுபதுன்னு டைப் பண்ணி வெச்சுட்டு, எப்படா இந்தம்மா கூப்புடும்னு உக்காந்துக்கினு இருந்திருக்கு. ரெண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். திரும்ப எடுக்க வேண்டிய வீடியோ ஆறும் வரிசையா டைப் பண்ணி இருந்துச்சு.

மறுநாள் ஏலத்துல எடுத்த வஞ்சிரத்துக்கு மொத தடவையா நெசமான விலையை நேரா சொல்லிப் பாத்தேன். ஓட்டல்காரர் மீனைத் தூக்கி மோந்து பாத்துட்டு, "இன்னாக்கா, கெட்டுப்போச்சா?"ன்னாரு.