மத்தியதரைக் கடலைச் சாம்பாரில் காட்டியவர்

ஐரோப்பாவுக்கும் துனிசியாவுக்கும் நடுவே என்ன ஒப்பந்தம் ஓடுகிறது என்று கவலைப்பட்டுத் தூக்கம் கெட்ட மனிதர், ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வரைக்கும் ஒரே ஒருவர்தான் இருந்தார். மண்ணூரில் அவரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த பாவத்துக்கு என் தூக்கமும் சேர்ந்து கெட்டது.

அவருடைய சொந்தப் பெயர் கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் 'பார்லிமென்ட்டு'. கோவில்பட்டிப் பக்கத்து ஆள். ஒல்லி உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். பஸ் ஏன் தாமதம், உப்புமாவில் ஏன் உப்பில்லை என்று எதற்கும் கேள்வி உண்டு. பதில் வரும்வரை எதிராளியை விடமாட்டார். டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் டீயை முதலில் கொடுத்துவிடுவார். வாயில் டீ இருந்தால் கேள்வி வராது என்று கணக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எங்கள் தொழிற்சாலை, காருக்குள் நரம்பு மாதிரி ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஷிப்ட் தொடங்கும்போது மேனேஜர் எங்களை நிற்கவைத்துப் பேசினார்.

"ரெண்டாவது லைன் ஆர்டர் துனிசியாவுக்குப் போகப் போகுது. அவங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் ஒத்துழைப்பு ஒப்பந்தம் இருக்கு. வரி கிடையாது, தூரமும் கிட்ட. நம்ம கையில ஒண்ணும் இல்ல. வேற இடத்துல வேலை பாத்து வெச்சுக்கறது நல்லது."

ரெண்டாவது லைன் என்றால் நாங்கள்தான். பாதிப் பேர் பெண்கள். எல்லாரும் தரையைப் பார்த்தோம். பார்லிமென்ட்டு மட்டும் கையைத் தூக்கினார்.

"சார், அந்த ஒப்பந்தத்த எவரு சார் சரிபாத்தாரு?"

மேனேஜர் ஆடிப்போனார். அவருடைய பல வருட உத்தியோகத்தில் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தைப் பற்றி வயர் சுற்றுபவர் யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள். "போய் வேலையைப் பாரு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்லிமென்ட்டு ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் மின்விசிறியை நிறுத்திப் பார்த்தும் எழுந்திருக்கவில்லையாம். திரும்பி வந்தபோது முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"வே, சபை இருக்குவே!"

"எந்தச் சபை?"

"ஐரோப்பா எம்.பி.மாரும், கடலுக்குத் தெக்க இருக்க நாட்டு எம்.பி.மாரும் ஒண்ணா உக்காந்து, ஒத்துழைப்பு ஒத்துழைப்புன்னு சொல்லுதீயளே, அது ஒழுங்கா நடக்கான்னு மந்திரிமார்ட்ட கேக்காவ. கேக்கதுக்குன்னே ஒரு சபைவே!"

மறுநாள் கேன்டீனில் அதை எங்கள் எல்லாருக்கும் விளக்கினார். தன் தட்டையே உலகமாக்கினார். "இந்தச் சோறு ஐரோப்பா. இந்தச் சாம்பாரு மத்தியதரைக் கடலு. கீழ இருக்க கோஸுப் பொரியல் மொராக்கோ, துனிசியா எல்லாம்."

குன்றத்தூர் செல்வி எதிரே உட்கார்ந்திருந்தார். எங்கள் லைனில் வேகமான கையும் அதைவிட வேகமான வாயும் அவருக்குத்தான். "சாம்பார்ல ஒடிஞ்ச அப்பளம் ஒண்ணு மெதக்குதே, அது இன்னாண்ணா?"

"அது மால்டா."

"நம்ம எங்கண்ணா கீறோம்?"

பார்லிமென்ட்டு தட்டை உற்றுப் பார்த்தார். "நாம தட்டுலயே இல்ல தாயி. அதான் பிரச்சினை."

சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் குனிந்து அவரவர் தட்டைப் பார்த்தோம்.

இப்படி ஒரு சபையைத் தெரிந்துகொண்டவர் சும்மா இருப்பாரா? நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் ஒன்றைக் கூட்டிவிட்டார். வீட்டுக்காரர் உள்ளூர்க்காரர், ஆகவே வடகரை. தெற்கத்திப் பையன்களான நாங்கள் தென்கரை. போர்வெல் தண்ணீர்தான் இரு கரைக்கும் இடையிலான ஒத்துழைப்பு. காலையில் மோட்டார் ஏன் சீக்கிரம் நிற்கிறது என்பது பார்லிமென்ட்டின் முதல் கேள்வி.

"இன்னாபா இது? வூட்ட வாடகைக்கு வுட்டா, நாட்டையே வுட்ட மாதிரி கேள்வி கேக்குற?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்களும் கேளுங்க அண்ணாச்சி. ரெண்டு கரைக்கும் உரிமை உண்டு."

வீட்டுக்காரர் யோசித்தார். "சரி, கேக்குறேன். பாத்ரூம் குழியில பீடித்துண்டு போட்டு அடைக்கிறவன் எவன்?"

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. எங்கள் அறையில் பீடி குடிப்பவர் ஒருவர்தான். பார்லிமென்ட்டு எழுந்து, தொண்டையைச் செருமி, "உறுப்பினர் கேட்டது நியாயம். நாந்தான். வருந்துதேன்" என்றார். அன்று சாயங்காலம் அவரே குச்சியை விட்டுக் குத்தி அடைப்பை எடுத்தார். வீட்டுக்காரர் அன்றிலிருந்து காலையில் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓடவிட்டார். சபைக்கும் தவறாமல் வந்தார்.

அப்போதுதான் எங்கள் வயர்க்கட்டுகளை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து பார்வையாளர்கள் வருவதாகச் செய்தி வந்தது. மதில் சுவருக்கு வெள்ளை, வாசலில் வாடகைப் பூந்தொட்டி, எங்களுக்குப் புதுத் தொப்பி. மேனேஜர் பார்லிமென்ட்டைத் தனியாகக் கூப்பிட்டு, சம்பளத்தோடு லீவு தருவதாகச் சொன்னார். கேட்காமலே லீவு கிடைத்த முதல் தொழிலாளி அவராகத்தான் இருக்கும்.

"வேண்டாம் சார். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்று வந்துவிட்டார்.

வந்தவர்களின் தலைவி நரைத்த முடியும் தட்டைச் செருப்புமாக ஓர் அம்மா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்று மரியாதைக்குக் கேட்டார். அந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் தட்டத் தொடங்குவதற்குள் ஒரு கை உயர்ந்துவிட்டது.

கோவில்பட்டி வாசம் மாறாத இங்கிலீஷில் பார்லிமென்ட்டு கேட்டார்: "உங்கள் எம்.பி.க்கள் தெற்கு நாடுகளோடு உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்களே, எங்களைப் பற்றி யாராவது கேட்டார்களா?"

மேனேஜர் பாய்ந்து குறுக்கே வந்தார். "உங்களை வரவேற்கிறார், மேடம்."

"இல்லை, எனக்குப் புரிந்தது" என்றார் அந்த அம்மா. பார்லிமென்ட்டைப் பார்த்துச் சொன்னார்: "நான் அந்தச் சபையில் இருப்பவள் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து உங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை."

பார்லிமென்ட்டு தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். அதோடு முடிந்தது என்று மேனேஜர் மூச்சு விட்டபோது, பின்வரிசையிலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"அண்ணா, அப்டியே இதையும் கேளு. எங்களயெல்லாம் எப்போ வூட்டுக்கு அனுப்பப் போறாங்கன்னு கேளுண்ணா."

அவர் கேட்டார். அந்த அம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவர்களை வேறு லைனுக்கு மாற்றுவதாகத்தானே எங்களிடம் சொன்னீர்கள்?"

மேனேஜருக்குக் குளிர்சாதன அறையில் வியர்த்ததை அன்றுதான் பார்த்தேன். "ஆமாம், மாற்றத்தான் போகிறோம்" என்றார். எல்லார் காதிலும் விழுந்தது. விழாதவர்களுக்காகப் பார்லிமென்ட்டு உரக்கத் தமிழில் சொன்னார்.

வேறு வழியில்லாமல் மாற்றினார்கள். பயந்துபோய் முன்னமே ஊருக்குக் கிளம்பிவிட்ட சிலர் போனது போனதுதான். அந்த வருத்தம் பார்லிமென்ட்டுக்குக் கடைசிவரை இருந்தது. மிச்சப் பேருக்கு வேலை நிலைத்தது. அவருக்கு மட்டும் தனி உத்தரவு: தொழிற்சாலைக்குப் பின்னால் உடைந்த பெட்டிகளும் வயர்த் துண்டுகளும் குவிந்துகிடக்கும் பொட்டலில் தரம் பிரிக்கும் வேலை. ஆள் கிடையாது, நிழல் கிடையாது. கேட்பதற்கு எதிரே ஒரு முகம் கிடையாது.

அங்கே போன முதல் நாள், சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வேலையிடத்தில் இருக்க வேண்டுமென்று, அவர் தட்டை வாங்கிக்கொண்டு பொட்டலுக்கே நடந்தார். கேன்டீனில் எங்கள் மேசையில் அவர் இடம் காலியாக இருந்தது. செல்வி எழுந்தார். சோற்றுத் தட்டோடு வெளியே நடந்தார்.

வாசலில் செக்யூரிட்டி மறித்தார். "எம்மா, தட்ட வெளிய எத்துகினு போவக் கூடாது."

"அவரு எத்துகினு போனாரே, அப்போ எங்கண்ணா இருந்த? வழி வுடு, சோறு ஆறுது."

செல்வி பின்னால் நான் எழுந்தேன். என் பின்னால் லைன் முழுக்க எழுந்தது. வயர் சுற்றிவந்த மர உருளைமேல் உட்கார்ந்திருந்த பார்லிமென்ட்டு, தட்டுகளோடு வரும் எங்களைப் பார்த்தார். நகர்ந்து உட்கார்ந்து செல்விக்கு இடம் விட்டார்.

சூப்பர்வைசர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் அவசரப்படவில்லை. உச்சி வெயில், பறக்கும் தூசி, பக்கத்தில் இரும்புக் குப்பை. அப்படி ருசித்து நான் சாப்பிட்டது இன்றுவரை வேறெங்கும் இல்லை.