சொர்ணத்தின் சில்லிட்ட காது

ஒரு காட்டில் வயிற்றுக் கோளாறு பிடித்த புலி ஒன்று இருந்தது. எப்போதோ செத்துக் கிடந்த மானைத் தின்றுவிட்டு அது பட்ட பாடு காட்டுக்கே தெரியும். "இனிமேல் உயிரோடு இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும்" என்று வைத்தியர் கொக்கு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

புலிக்குக் கண்ணும் மங்கல். அதனால் ஒரு மெஷின் வந்தது. அதன் கிளிப்பைக் காதில் மாட்டினால், இரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடினால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எரிகிறதா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம் கார்மேகம் என்ற நரிக்கு. அதற்குப் பிறகு அதன் நடையே மாறிவிட்டது.

அன்றைய சாப்பாடாக வந்து சேர்ந்தது சொர்ணம் என்ற முயல். கிளிப்பை மாட்டினார்கள். விளக்கு எரியவில்லை.

மெஷின்மேல் தப்பில்லை. பயம் வந்தால் காதுக்குப் போகும் பொடிப்பொடி இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ஓடப்போவது கால்தானே, இரத்தம் அங்கே போகட்டும் என்று உடம்பு தானாகவே முடிவெடுத்துவிடும். முயலை ஒரு வார்த்தை கேட்காது.

"செத்த முயலுங்க ஐயா" என்றது நரி.

சொர்ணத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரைப் பார்த்துச் செத்ததுன்னு சொல்றீங்க? நான் உயிரோடதான் இருக்கேன்!" அசடு, அசடு!

"மெஷின் மாட்டினவங்க பேச்சு செல்லாதும்மா. கிளம்பு."

செத்ததாக இருந்தால்தான் தப்பிக்கலாம் என்று அப்போதுதான் முயலுக்கு உறைத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டது. குழாய்கள் விரிந்தன, காது சிவந்தது, விளக்கு எரிந்தது.

"ஐயா, உயிர் வந்துடுச்சு!"

புலி எழுந்தது. காது மறுபடி சில்லிட்டது.

"போயிடுச்சுங்க ஐயா."

புலி உட்கார்ந்தது. முயல் நிம்மதியானது. விளக்கு எரிந்தது. மத்தியானம்வரை இதே கூத்து. புலிக்குப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏண்டா, மெஷின் ரிப்பேரா?"

"சுத்தமா வேலை செய்யுதுங்க. இதோ பாருங்க." நரி கிளிப்பைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டது. பயமே அறியாத ஆள், காது கதகதவென்று இருந்தது. "பச்சை எரியுதுங்க ஐயா!"

"அப்போ நீ உயிரோட இருக்கே" என்று புலி நாக்கைச் சப்புக்கொட்டியது.

விளக்கு அணைந்தது.

"ஐயா, அணைஞ்சிடுச்சு! நான் செத்துட்டேங்க!"

"மெஷின் மாட்டினவங்க பேச்சு செல்லாதுன்னு நீதானேடா சொன்னே?"

நீதி: பிள்ளைகளே, மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட நம் காதைக் கொடுக்கக் கூடாது. தினமும் கொஞ்ச நேரம் நடுங்கியும் பழகுங்கள்.