மேடையேறிய பொதுமக்கள்

எங்கள் காலத்தில் மதுரையில் முனைவர் பட்டம் வாங்கியவர்களில் பேய்க்குப் பயந்தவர்கள் உண்டு, பாம்புக்குப் பயந்தவர்கள் உண்டு, நெறியாளரின் மனைவிக்குப் பயந்தவர்கள்கூட உண்டு. பொதுமக்களுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. பொதுமக்கள் என்றால் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஆள்தான். குள்ளமான உருவம், கட்டம் போட்ட சட்டை, உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், உயிர்வேதியியல் துறையில் ஆராய்ச்சி மாணவர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது மெஸ் நோட்டில் மட்டும் புழங்கியது.

பெயர் வந்த கதை இதுதான். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா, திறந்த அரங்கில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வெளியூர்த் தேர்வாளர் கேட்டு முடித்ததும் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பொதுமக்கள் யாரேனும் கேள்வி கேட்க விரும்பினால் கேட்கலாம்” என்பார். அப்படிச் சொல்ல வேண்டும் என்பது விதி. யாரும் கேட்கக் கூடாது என்பது மரபு. அந்த நேரத்தில் சபையின் கவனம் முழுக்க வெளியே தட்டில் அடுக்கப்படும் வடையின் மேல் இருக்கும். நெறியாளர் கைதட்டுவதற்காக இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்திருப்பார். சரியாக அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயரும்.

துறை பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. அறிவிப்புப் பலகையில் வைவா என்று தாள் ஒட்டினால் வந்துவிடுவார். யார் மேலும் விரோதம் இல்லை. “கேக்கலாம்னு கூப்புடுறாங்கல்ல மாப்ள, கூப்பிட்ட பெறகு கேக்காம வந்தா மரியாதையா இருக்குமா?” என்பார். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் வருவதற்குச் சமம் என்று அவர் மனதார நம்பினார்.

உடற்கல்வித் துறை முருகேசன் ஆறடி ஆள். யோகாசனம் செய்தால் கபடி வீரர்களுக்குப் பொறுமை கூடும் என்று நிரூபித்திருந்தார். பொதுமக்கள் எழுந்தார்.

“பொறுமையை எப்படி சார் அளந்தீங்க?”

“வினாத்தாள் குடுத்தோம்.”

“எத்தனை கேள்வி?”

“நூத்தி இருபது.”

“பாதியில எந்திரிச்சுப் போனவங்க இருப்பாங்களே?”

“ஆமா. அவங்களைக் கணக்குல சேக்கலை.”

“அப்ப நூத்தி இருபது கேள்விக்கும் உக்காந்து பதில் எழுதுனவங்களை மட்டும் எடுத்து, அவங்களுக்குப் பொறுமை இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. ரொம்ப நன்றி சார்.”

உட்கார்ந்துவிட்டார். தேர்வாளர் மூடி வைத்த பேனாவைத் திறந்தார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் முருகேசனின் பொறுமை அளக்கப்பட்டது.

அடுத்த பலி நான். வரலாற்றுத் துறை. கண்மாய் மடைகளைப் பற்றி நானூறு பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தேன். என் வைவாவுக்கு எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். பொதுமக்கள் மிகவும் பணிவாக, “ஐயா, மடையைத் திறந்ததும் தண்ணி மொதல்ல எப்படி வரும், தெளிவாவா, கலங்கலாவா?” என்று கேட்டார். நான் வில்லாபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் தண்ணீர் லாரியில் வரும்.

“ஆவணங்கள்ல அது பத்திக் குறிப்பு இல்லை” என்றேன்.

“நீங்க ஒரு மடையாவது தொறந்து பாத்திருக்கீங்களா?”

“தொறந்து... பாத்ததில்லை.”

இரண்டாம் வரிசை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பட்டம் கிடைத்தது, ஒரு மடையை நேரில் போய்ப் பார்த்து இன்னொரு அத்தியாயம் எழுதிச் சேர்த்த பிறகு. சம்பந்தம் கிடைக்கவில்லை. வைவாவுக்கு மறுநாள் மெஸ்ஸில் பொதுமக்கள் என் எதிரே வந்து உட்கார்ந்து, “கலங்கலாத்தான் மாப்ள வரும்” என்று தகவல் சொன்னார்.

இத்தனை பேரையும் கேள்வி கேட்ட மனிதர் எட்டு வருடமாகத் தன் வைவா வரைக்கும் வந்து சேரவில்லை. அவருடைய ஆராய்ச்சி அப்படி. நம் உடம்பில் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு இருக்கிறதாம். அந்தச் சவ்வின்மேல் போய் ஒட்டும் ஒரு புரதத்தை அவர் பிடித்திருந்தார். புரதம் என்றால் மடிந்து சுருண்டு அதற்கென்று ஓர் உருவம் இருக்கும், அந்த உருவம் இருந்தால்தான் வேலை செய்யும் என்பது அன்றைய பாடப்புத்தகம். இவருடைய புரதத்துக்குத் தண்ணீரில் உருவமே இல்லை. கொழுப்புச் சவ்வைத் தொட்டால் மட்டும் உருவம் வருகிறது என்றார். ஒருவரும் நம்பவில்லை. அவருடைய நெறியாளரே, “ஃப்ரிட்ஜ ஒழுங்கா மூடுறீங்களா தம்பி?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சவ்வு செய்யக் கொழுப்பு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எழுதிப் போட்டால், வந்து சேருவதற்குள் ஆள் ஓய்வு பெற்றுவிடுவார். ஆகவே முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து தானே பிரித்தெடுத்தார். மஞ்சள் கரு ஆய்வகத்துக்கு, வெள்ளைக் கரு விடுதி மெஸ்ஸுக்கு என்று ஒப்பந்தம். ஒரு வருடம் முழுக்க நாங்கள் வெள்ளை ஆம்லெட் சாப்பிட்டோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மெஸ் மாஸ்டரிடம், “என்னாண்ணே, ஆம்லெட்டு வெளுத்துப் போயிருக்கு?” என்று கேட்டார்.

“மஞ்சக்கரு பிஎச்.டி. பண்ணப் போயிருக்கு தம்பி” என்றார் மாஸ்டர்.

உருவம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் கருவி பெங்களூரில் இருந்தது. தெர்மாஸில் ஐஸ் போட்டு, அதற்குள் சுண்டு விரல் அளவு குழாயில் புரதத்தை வைத்து, டவுன் பஸ் ஏறி ரயிலடிக்குப் போவார். ஒரு முறை நானும் கூடப் போனேன். கண்டக்டர் தெர்மாஸைப் பார்த்தார்.

“என்ன சார், காப்பியா?”

“புரோட்டீன்.”

“குடிக்கிறதா?”

“இல்லண்ணே. அதுக்கு உருவமே கிடையாது.”

“அப்ப அதுக்கு டிக்கெட் வேணாம். உங்களுக்கு ஒண்ணு எடுங்க.”

எட்டு வருடத்தில் அவருடைய ஆராய்ச்சி முடிவை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவர் அந்தக் கண்டக்டர் ஒருவர்தான்.

ஒரு வழியாக அவருடைய வைவாவுக்குத் தாள் ஒட்டினார்கள். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அப்போது நான் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலையில் இருந்தேன். முருகேசன் திருநெல்வேலியிலிருந்து போன் போட்டார். “லீவு சொல்லிட்டேன் மாப்ள. ஆளுக்கு ஒரு கேள்வியோட வாரோம்.” பொதுமக்களிடம் அடிபட்டவர்கள் கணக்கு எடுத்தால் இருபத்து மூன்று பேர் தேறினார்கள். எனக்குப் புரதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே அவருடைய ஆய்வகத்திலேயே ஜூனியராக இருந்த கோரிப்பாளையம் சாதிக்கைப் பிடித்தேன். சாதிக் இரண்டு நாள் யோசித்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: ‘உங்கள் புரதம் இயல்பிலேயே உருவமற்றதா, அல்லது நீங்கள் கெடுத்ததால் உருவம் போனதா?’

“இதைக் கேட்டீங்கன்னா ஆளு காலிண்ணே. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

வைவாவுக்கு முதல் நாள் டீக்கடையில் பொதுமக்களைப் பார்த்தேன். “கால நீட்டிப்பெல்லாம் முடிஞ்சுபோச்சு மாப்ள. நாளைக்குத் திருப்பி அனுப்பிட்டாய்ங்கன்னா எட்டு வருசத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். எங்கண்ணன் எனக்குன்னு ஒரு மம்பட்டி வாங்கி வச்சிருக்கான்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்கு லேசாக என்னவோ செய்தது. ஆனாலும் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அரங்கு நிறைந்திருந்தது. தேர்வாளர் சென்னைக்காரர், தமிழர். ஆனால் அன்று காலையிலிருந்து அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. பொதுமக்கள் கழுத்தில் டை கட்டியிருந்தார், முடிச்சு காதுக்குக் கீழே இருந்தது. ஒரு மணி நேரம் பேசினார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரே கேள்விதான் கேட்டார். உங்கள் புரதம் இயல்பிலேயே உருவமற்றதா, அல்லது நீங்கள் கெடுத்ததால் உருவம் போனதா?

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சீட்டு பத்திரமாக இருந்தது.

பொதுமக்கள் வாயைத் திறந்தார். தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். ஊரையே கேள்வி கேட்ட மனிதர், அத்தனை பேர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த பதிலைக் கையில் பிடிக்க முடியாமல் நின்றார். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்தார். இதற்குப் பதில் இல்லையென்றால் சோதனைகளை மறுபடி செய்து சமர்ப்பிக்க வேண்டியிருக்கும் என்று தேர்வாளர் மெதுவாகச் சொன்னார். தலைவர் எழுந்து, வேறு வழியில்லாமல், “பொதுமக்கள் யாரேனும்...” என்றார்.

கடைசி வரிசையை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பழக்கதோஷம். அங்கே யாருமில்லை. அன்றைக்குப் பொதுமக்கள் நாங்கள்தான்.

இந்த நாளுக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம். ஆனால் அந்த மனுஷன் அப்படிக் கைகால் விளங்காமல் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எனக்கு முன்னால் முருகேசன் எழுந்துவிட்டார்.

“சார், நான் பி.டி. வாத்தியார். காலையிலேருந்து கேக்குறேன், ஒண்ணும் புரியலை. புரதத்துக்கு உருவம்னா என்னா சார்?”

பொதுமக்கள் முகம் சுளித்தார். எட்டாம் வகுப்புக்குச் சொல்வதைப்போல இரண்டு வாக்கியம் தமிழில் சொன்னார். குரல் வந்துவிட்டது. நான் உடனே எழுந்தேன்.

“உருவமே இல்லாத ஒண்ணு எப்படி சார் வேலை செய்யும்?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கொடியில கெடக்குற கைலிக்கு என்ன சார் உருவம் இருக்கு? அதுக்காக அது கைலி இல்லையா? இடுப்புல ஏறுச்சுன்னா உருவம் வந்துரும். அந்தக் கொழுப்புச் சவ்வுதான் இதுக்கு இடுப்பு.”

அரங்கு சிரித்தது. தேர்வாளர் முன்னால் சாய்ந்தார். காலையிலிருந்து மறைத்து வைத்திருந்த தமிழை முதல் முறையாக வெளியே எடுத்தார்.

“சரி. கைலி கிழிஞ்சு போயிருந்தா?”

“கிழிஞ்ச கைலி இடுப்புல நிக்காது சார். இது ஒவ்வொரு தடவையும் நிக்குது. கொழுப்பை எடுத்துட்டா அவுந்துக்கிரும். திரும்பக் காட்டுனா கட்டிக்கிரும். பதினேழு தடவை கட்டி அவுத்துப் பாத்துட்டேன். கொதிக்கவும் வச்சேன் சார். மத்த புரதமெல்லாம் முட்டை வெந்த மாதிரி கட்டியாப் போச்சு. இது மட்டும் அப்படியே கெடந்துச்சு. கெட்டுப் போறதுக்கு அதுக்கிட்ட உருவம்னு ஒண்ணு இருந்தாத்தானே சார்? ஆறாம் அத்தியாயத்துல அம்புட்டும் இருக்கு.”

தேர்வாளர் ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டினார். அவர் படித்து முடிக்கும்வரை அரங்கு சும்மா இருக்கக் கூடாது என்று எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கொழுப்பென்றால் நல்லெண்ணெயா கடலை எண்ணெயா என்று ஒருவர் கேட்டார். தெர்மாஸ் எந்தக் கடையில் வாங்கியது என்று இன்னொருவர் கேட்டார். இருபத்து மூன்று பேர் நாள்கணக்கில் தீட்டி வைத்த கத்தியெல்லாம் அன்றைக்கு வெண்ணெய்கூட வெட்டவில்லை. கடைசியில் தேர்வாளர் ஏட்டை மூடிவிட்டு எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெறியாளர் கைதட்டினார். முருகேசன் விசிலடித்தார்.

வெளியே இலையில் கேசரியும் வடையும் வைத்தார்கள். டாக்டர் பொதுமக்கள் நேராக என்னிடம் வந்தார்.

“ஏன் மாப்ள, உருவமில்லாதது எப்படி வேலை செய்யும்னு கேட்டியே, அது ஒரு கேள்வியா? ஒரு மணி நேரம் நான் அதைத்தானே பேசுனேன்?”

“தப்புத்தான்ணே.”

“வெளியூர்ல எங்கயும் போயி இப்படிக் கேட்டுறாத. கேவலமா இருக்கும்.”

சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, தன் வடையை எடுத்து என் இலையில் வைத்தார். அப்புறம் இரண்டு பேரும் கேசரி சாப்பிட்டோம். அதற்குப் பிறகு பெரிய பெரிய அரங்குகளில் கெட்டிக்காரத்தனமாக எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன், பாராட்டியும் இருக்கிறார்கள். ஆனால் என் மகள் வளர்ந்து, அப்பா நீ வாழ்க்கையில் உருப்படியாக என்ன செய்தாய் என்று கேட்டால், ஒரு நாள் ஒரு மட்டமான கேள்வி கேட்டேன் என்றுதான் சொல்வேன்.