எதுன்னாலும் கேளுங்க

கரடி லிஃப்டுக்குள் போகவில்லை. தலையை அமுக்கினால் கால் வெளியே வந்தது. காலை மடக்கினால் கதவு மூட மறுத்து மணியடித்தது. கடைசியில் டிரைவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேற, பின்னால் கேமராக்காரர் ஏற, அவருக்கும் பின்னால், பொம்மையின் வயிற்றில் தைத்திருந்த தன் பெயர் மடங்கிவிடவில்லையே என்று பார்த்தபடி அவர் ஏறினார்.

அவரை உங்களுக்குத் தெரியும். கொடுப்பவர்களில் அவர் ஒரு தனி இனம். கருமி என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். கை தாராளம். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவார். சிக்கலே அதுதான். கேட்பதற்கு முன்பே கொடுப்பவருக்கு, எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரியும்? இந்தப் புற்றுநோய் வார்டில் முடி கொட்டிப்போன பிள்ளைகளுக்குச் சீப்பும் கண்ணாடியும் வைத்த அழகுப் பெட்டி கொடுத்தவர் அவர்தான். வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சி விழுங்கவே அழுத பிள்ளைகளுக்கு மொறுமொறு பிஸ்கட் கொடுத்தவரும் அவர்தான். இந்த முறை கரடி.

வார்டு வாசலில் சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தாள்.

"சார், பஞ்சு பொம்மை உள்ள கூடாது. தூசி சேரும். பிள்ளைங்க உடம்பு தாங்காது."

"புதுசும்மா. கவர்கூடப் பிரிக்கல."

"கையைக் கழுவிட்டு, மாஸ்க் போட்டுட்டு நீங்க போகலாம். கரடி போக முடியாது."

"மாஸ்க் போட்டா முகம் தெரியாதுண்ணே" என்றார் கேமராக்காரர். அவர் கவலை அவருக்கு.

கரடியைப் படிக்கட்டுக்குக் கீழே கிடத்திவிட்டு உள்ளே போனார்கள். முதல் கட்டிலில் ஒரு சின்னப் பெண், பல் ஈறில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு சிவந்திருந்தது. பக்கத்தில் அவள் அம்மா.

"கரடி வருதுன்னாங்க, நீங்க வந்திருக்கீங்க" என்றாள் பெண், பஞ்சுக்கு இடையில்.

அவர் சிரித்தார். பிறகு, இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் எங்கே போனாலும் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"எதுன்னாலும் கேளுங்கம்மா. என்னை உங்க அண்ணன்னு நெனச்சுக்குங்க."

கவனித்திருக்கிறீர்களா? இதைச் சொல்லும்போது ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். கை செருப்பையோ சாவியையோ தேடும். இதற்கு முறையான பதில் ஒன்று உண்டு: "இருக்கட்டும்ண்ணே, நீங்க வந்ததே போதும்." அந்தப் பதிலை நம்பித்தான் ஊரில் இத்தனை பேர் இத்தனை பேரிடம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் அந்த அம்மா பல இரவுகளாகத் தூங்கவில்லை. மரியாதை மறந்துபோயிருந்தது. கேட்டுவிட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு என்ன ரத்தம்?"

"ஓ பாசிட்டிவ். ஏம்மா?"

"பாப்பாவுக்கும் அதேதாண்ணே. ரத்தத்துல பிளேட்லெட் தட்டணு ரொம்பக் கொறஞ்சிடுச்சு. அதான் ரத்தம் நிக்க மாட்டேங்குது. நாளைக்கு ஏத்தியே ஆகணும்ங்கறாங்க. எங்க சொந்தத்துல குடுக்கக்கூடியவங்க எல்லாம் குடுத்தாச்சு."

"எவ்வளவும்மா ஆகும்?" கை பைக்குள் போய்விட்டது.

"காசு இல்லண்ணே. ஆள்தான் வேணும். மெஷின் பக்கத்துல ரெண்டு மணி நேரம் படுக்கணும். ரத்தத்துலேருந்து தட்டணுவை மட்டும் அது பிரிச்செடுத்துக்கும்."

"நானா?"

அவர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு பி பாசிட்டிவ்ங்க" என்றார் டிரைவர், பரீட்சையில் பாஸான குரலில். கேமராக்காரர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்குப் பிரஷர் இருக்கும்மா. மாத்திரையெல்லாம் வேற..."

"அதையெல்லாம் அவங்களே பாத்துச் சொல்லிடுவாங்க சார்" என்றாள் சிஸ்டர்.

"ஊசிக்குப் பயமா மாமா?" என்றாள் பெண்.

"சேச்சே."

"கண்ணை மூடிட்டு நூறுலேருந்து கீழ எண்ணுங்க. நான் எண்பது வர்றதுக்குள்ளயே அழுகையை நிறுத்திடுவேன்."

"நாளைக்குப் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இந்த இனத்தின் பாஷையில் நாளை என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத தேதி. அந்த அம்மாவுக்கும் அது தெரியும். பஞ்சை மாற்றினாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். கேமராக்காரர் வரவில்லை. பிரஷர் பார்த்தார்கள், ரத்தம் பரிசோதித்தார்கள், படுக்கச் சொன்னார்கள். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். பிறகு, பையில் பெயர் எழுத மாட்டீர்களா என்று கேட்டார். வகையும் தேதியும் எண்ணும்தான் எழுதுவோம் என்றார்கள். தன் கைபேசியில் அந்தப் பையை ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிரித்தெடுத்த தட்டணு மஞ்சளாக, பழரசம் போல இருந்தது. யாருக்கும் காட்டியதாகத் தெரியவில்லை. சாயங்காலம் அது பெண்ணுக்கு ஏறியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவள் பஞ்சைத் துப்பினாள். அது வெள்ளையாக இருந்தது.

அடுத்த வாரமும் ஒரு பை வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அந்த அம்மா வெளியே வந்து, படிக்கட்டுக்குக் கீழே கரடியின் மடியில் சாய்ந்து உட்கார்ந்து, 'எதுன்னாலும் கேளுங்க' என்று தன்னிடம் சொன்னவர்களின் பெயர்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள்.

நீங்கள் யார் யாரிடம் சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவர்களுக்கு இருக்கும். போன் அடித்தால் எடுங்கள்.