ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து வார்டோவுக்கு நாற்பது நிமிடம்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
14.10.2016

அன்புள்ள தம்பி பாலச்சந்திரனுக்கு,

அண்ணன் குகதாசன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம்; என் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும், உனக்கு நாலு நாளாகச் சோறு போடும் அத்தானும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். கையால் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன், பெரிதாக்கி வாசி.

முதலில் மன்னிப்பு. எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். அக்கா இந்திராதேவி ஹம்மர்ஃபெஸ்டிலும் நீ வார்டோவிலுமாக, இரண்டு பேரும் நோர்வேயின் உச்சியிலேயே இருந்துகொண்டு, அவளுடைய புதுவீட்டுக் குடிபூரலுக்கு நீ போகவில்லை என்று ஏழு வருடமாகப் பேச்சில்லை. கேட்டால் நீ "சரியான தூரம் அண்ணை" என்பாய். அவள் "அவன் முதல் வரட்டும்" என்பாள். போன மாதம் லா சப்பலில் தலைமயிர் வெட்டக் காத்திருந்தபோது தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையில் இருநூற்று எழுபத்தைந்து கிலோமீற்றர், பறக்க நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தது. பக்கத்துப் புறநகர் ஸ்தேனிலிருந்து இங்கே வேலைக்கு வரும் சூசைநாதனுக்கே அதைவிட நேரம் பிடிக்கும்! வந்த கோபத்தில் உனக்குப் போன் எடுத்து, "அக்காவுக்குச் சொல்லாதை, திடீரெண்டு போய் வாசலிலை நில்" என்றேன். நீ "ம்" என்றாய். உன் "ம்"மை நம்பாமல் அதையே அவளுக்கும் சொன்னேன். "பாப்பம்" என்றாள். ஒருவராவது போவீர்கள் என்று நினைத்தேனே தவிர, இருவரும் ஒரே செவ்வாய்க்கிழமை கிளம்புவீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அந்த விமானம் பஸ் மாதிரி வழியில் மூன்று ஊரில் இறங்கி ஏறும் என்று எவனும் எழுதி வைக்கவில்லை. அக்கா ஒவ்வொரு ஊரிலும் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாளாம், கடைசியில் பணிப்பெண்ணே கையைப் பிடித்து இருத்திவிட்டாளாம். ஐந்து மணித்தியாலம் கழித்து உன் கதவைத் தட்டினால், உன் யசோதினி திறந்து, "மச்சாள்! அவர் உங்கடை வீட்டையெல்லோ போயிட்டார்!" என்றாளாம். பிறகு தொடங்கிய காற்று இன்னும் ஓயவில்லை, ஒரு விமானமும் பறக்கவில்லை. அவள் உன் வீட்டில், நீ அவள் வீட்டில். "ஒரு நல்ல கறிச்சட்டி இல்லை அண்ணை இஞ்சை" என்று அங்கேயிருந்து திட்டுகிறாள். ஆனால் உன் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்து வைத்திருக்கிறாளாம், யசோதினி சொன்னாள். நீ அவளுடைய ஒழுகுகிற குழாயைத் திருத்தினாயாம், அத்தான் சொன்னார்.

தம்பி, 2009 சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டில் மிஞ்சியது நாங்கள் மூன்று பேர்தான். ஆகையால் கேட்கிறேன்: நீ அங்கேயே இரு, வாசலைத் தாண்டாதே. காற்று அடங்கியதும் அவளை நான் வரப்பண்ணுகிறேன். வந்ததும் நீயே முதலில் வாயைத் திற.

உங்கள் இருவருக்கும் முருகன் நல்ல புத்தியும் நல்ல வானிலையும் தரட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள கொண்ணை
குகதாசன்

பி.கு.: படம்பிடிக்கப் போகையில் அக்காவின் போன் வந்தது. காலையில் காற்று விட்டதென்று, எனக்கு ஒரு சொல் சொல்லாமல், மறுபடி இருவருமே கிளம்பினீர்களாமே! காற்று திரும்ப எழும்பி இரண்டு விமானத்தையும் நடுவழியில் மெஹாமன் என்ற ஊரில் இறக்கிவிட்டார்களாம். "அண்ணை, எனக்கு முன்னாலை நிக்கிறான்" என்றாள். "என்னவாம்?" என்றேன். "தான் குடிச்ச தேத்தண்ணியை என்னட்டைத் தந்திட்டான்." பிறகு இரண்டு பேரும் அழுகிற சத்தம்தான் கேட்டது. மேலே எழுதியதை விட்டுவிடு. அடுத்த விமானம் போனாலும் போகட்டும், அவசரப்பட்டு ஏறாதேயுங்கோ.