எங்கள் தெரு காடான விவரம்

வனத்துறைத் தலைமை அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கும் மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த உங்கள் அக்கா, பொய் எழுதாதீர்கள் என்றுவிட்டதால் அந்த வரியை நீங்களே போட்டு வாசித்துக்கொள்ளவும்.

எங்கள் தெரு இப்போது காடு. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உங்கள் துறை சொல்கிறது. தெருவின் இரு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கிளை கோத்துக்கொண்டு நிற்பது நீங்கள் அறிந்ததே. சாட்டிலைட் மேலிருந்து பார்த்ததாம், பச்சையாகத் தெரிந்ததாம், காடு என்று குறித்துக்கொண்டதாம். கீழே வீடுகளும் ஒரு தையல் கடையும் இருப்பது அதன் கண்ணில் படவில்லை. ஆயுசு முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு பார்வைக் கோளாறை நான் கண்டதில்லை. நாட்டில் காடு வளர்ந்துவிட்டது என்று செய்தியில் சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன். வளர்ந்தது நாங்கள்தான் என்று அப்போது தெரியாது.

காடு என்றால் காவல் வேண்டுமல்லவா? ஒரு வனக்காவலரை அனுப்பிவிட்டார்கள். தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இதற்கு முன் மலையில் காவல் இருந்தாராம். அங்கே வெட்டுவதற்கு மரமே மிச்சமில்லாமல் போனதால் வேலை குறைந்துவிட்டது, இங்கே நிழல் நன்றாக இருக்கிறது என்கிறார். தங்கமான மனிதர்தான், ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் கல். உங்கள் அக்கா வாசலில் சருகு பெருக்கினால் வனப்பொருளை அகற்றக் கூடாது என்கிறார். "அப்ப அவரையே வந்து பெருக்கச் சொல்லுங்க" என்று அவள் என்னிடம் சொல்கிறாள். அவரிடம் சொல்வதில்லை. எதிர்வீட்டுப் பூனை அணிலைத் துரத்தியதற்குப் பூனையின் சொந்தக்காரர் யார் என்று விசாரணை நடந்தது. அது எங்கள் வீட்டுப் பூனை இல்லை என்று எதிர்வீடு உட்படத் தெருவில் எல்லோரும் சொல்லிவிட்டோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பின் அறைக்கு மேலே ஒரு பெரிய கிளை பட்டுப்போய்த் தொங்குகிறது. அந்த அறையில்தான் பிரசவத்துக்கு வந்திருக்கும் எங்கள் மகளும் கைக்குழந்தையும் படுக்கிறார்கள். காற்று அடித்தால் கிளை முனகுகிறது. மழைக்கு முன் வெட்டாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். காவலரைக் கேட்டேன். "தானா விழுந்தா இயற்கை சார். நீங்க தொட்டா குற்றம்" என்றார்.

அவருக்கு மேலதிகாரியான ரேஞ்சரிடம் போனேன். அவர் அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. அந்த பஸ் ஸ்டாண்டும் காடாம். எப்போதோ காடாக இருந்ததைக் கணக்கிலிருந்து எடுக்க யாருக்கும் நேரமில்லையாம். புரியவில்லை என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். "காடு ரெண்டு வகை சார். மரம் இருக்கிற காடு, ரெக்கார்டுல இருக்கிற காடு. ரெண்டும் ஒரே இடத்துல இருக்கணும்னு அவசியமில்ல." அப்படியானால் நான் இப்போது எந்தக் காட்டில் நிற்கிறேன், எந்தக் காட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று கேட்டேன். கிளை வெட்டும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்குத்தான் என்று உங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

ஆகவே மைத்துனரே, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். எங்கள் தெருவைக் காட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மறுபடி வெறும் தெருவாக இருந்துகொள்கிறோம். பேத்தி போய்விட்டால் உங்கள் அக்கா சாப்பிடமாட்டாள், எனக்கும் இறங்காது.

உங்கள் இல்லத்தரசிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நீடூழி, முடிந்தால் மரமில்லாத இடத்தில், வாழ்க.

இப்படிக்கு,
குழம்பிப்போயிருக்கும் உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சாலை அகலப்படுத்தும் பொறியாளர் ஆட்களோடு வந்தார். பக்கத்துத் தெரு முழுக்க இடிக்கவேண்டிய இடத்துக்குச் சிவப்புக் கோடு போட்டாகிவிட்டதாம். எங்கள் வீட்டில் அளவு நாடா வாசலைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, சமையலறையில் போய் நின்றது. அப்போது காவலர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "இது காடு. பெயின்ட் டப்பாவை வெளிய வைங்க" என்றார். பொறியாளர் யாருக்கோ போன் போட்டார், நாடாவைச் சுருட்டினார், போய்விட்டார். குழந்தையின் தொட்டிலை நடு அறைக்கு மாற்றிவிட்டோம். மகள், "அப்பா, அந்த மரத்து மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்கிறாள். எனவே மேலே எழுதியது எதையும் செய்துவிடாதீர்கள். எங்கள் தெரு காடாகவே இருக்கட்டும். முடிந்தால் ரெக்கார்டில் ஒரு மானையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.